டினையல் பற்றிய ஒலிப்பாடம்: கேட்கலாம், தேர்வு மட்டும் வேண்டாம்

என் பிழைப்பே டினையல்தான், அதாவது மறுப்பு. அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு பில்லிங்கில், காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்த கிளெய்ம்களை (சிகிச்சைக்குப் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கைகளை) தோண்டி எடுத்து மேல்முறையீடு எழுதும் பிரிவில் இருக்கிறேன். அதனால் ஒரு மனநலச் செயலியில் டினையலைப் பற்றியே, அதாவது மனசு ஓர் உண்மையை ஏற்க மறுப்பதைப் பற்றியே, தனியாக ஓர் ஒலிப்பாடம் வந்திருக்கிறது என்று அண்ணி அனுப்பியபோது, தொழில் புத்தியோடுதான் கேட்க ஆரம்பித்தேன். செயலியின் பெயரைச் சொல்லவில்லை. குறையும் எழுதப்போகிறேன், இதே மாதிரி வேறு பலவும் இருக்கின்றன.

முதலில் எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். எங்களுக்கு ரிஜெக்‌ஷன் வேறு, டினையல் வேறு. படிவத்தில் ஏதோ தப்பு, அதனால் கிளெய்ம் உள்ளேயே போகாமல் திரும்பிவிட்டால் அது ரிஜெக்‌ஷன். உள்ளே போய், பரிசீலித்து, தர முடியாது என்று முடிவெடுத்தால்தான் டினையல். ஒவ்வொரு டினையலுக்கும் ஒரு காரண எண் உண்டு. 29 என்றால் கெடு தாண்டி அனுப்பியது. 18 என்றால் ஏற்கெனவே வந்ததன் நகல். 50 என்றால் அந்தச் சிகிச்சை அவசியமில்லை என்று அவர்கள் நினைப்பது. எண்ணைப் பார்த்ததும் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும். மேல்முறையீட்டுக்கு வழியும் இருக்கும்.

சரி, பாடத்துக்கு வருவோம். முற்பகுதி நன்றாகவே இருக்கிறது. பேசுகிறவர் அவசரப்படாமல், மேடைப் பேச்சு வாடை இல்லாமல் பேசுகிறார். பின்னணி இசைதான் தொல்லை, அதை அணைக்க வழியும் இல்லை. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன, பெரிய கெட்ட செய்தியை மனசு கடந்து வரும் ஐந்து நிலைகளில் மறுப்புதான் முதல் நிலை என்று பலருக்கும் தெரியும். அவர் அதைச் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து எழுதினார் என்பது அவ்வளவாகத் தெரியாது. இன்று காதல் முறிந்தாலும், வேலை போனாலும், அணி தோற்றாலும் அதே வரிசையை ஒப்பிக்கிறோம். பாடம் இதை நிதானமாக எடுத்துச் சொல்கிறது. கெட்ட செய்தி கேட்ட உடனே வரும் மறுப்பு, மனசு கொஞ்சம் அவகாசம் வாங்கிக்கொள்ளும் வழி, எப்போதும் அதை உடைத்தாக வேண்டும் என்றில்லை என்பதையும் சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நரம்பியல் பகுதி. 1914இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் அனோசக்னோசியா என்று ஒரு நிலைக்குப் பெயர் வைத்தார். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டு இடது கை செயலிழந்த ஒருவரிடம் கையைத் தூக்குங்கள் என்றால், தூக்கிவிட்டேன் என்பார். கை அசைந்தே இருக்காது. அவர் பொய் சொல்லவில்லை, பயந்து மறைக்கவும் இல்லை. கை செயலிழந்ததை அவருக்குச் சொல்ல வேண்டிய மூளைப் பகுதியே பழுதாகியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் மறுப்பு, உள்ளே நடப்பதோ வேறு. இந்த ஒரு பகுதிக்காகவே பாடத்தைக் கேட்கலாம்.

சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் பிரித்த மறுப்பின் மூன்று வகைகளையும் சுருக்கமாகத் தொட்டுப் போகிறார்கள். நடக்கவே இல்லை என்பது ஒன்று. நடந்தது, ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை என்பது இரண்டாவது. நடந்தது உண்மைதான், அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று நகர்ந்துகொள்வது மூன்றாவது. செய்திகளில் ‘திட்டவட்டமாக மறுத்தார்’ என்று வருவதெல்லாம் முதல் வகை என்று நினைத்திருந்தேன். இதைக் கேட்ட பிறகு படித்தால் பாதிக்கு மேல் இரண்டாவது. இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

பிற்பகுதி ஏமாற்றம். ‘அன்றாட மறுப்பு’ என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். அதில் ஓர் உதாரணம்: காது மந்தமாகிவரும் ஒருவர், “எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க” என்கிறாராம். இதுதான் டினையல் என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அண்ணி எனக்கு அனுப்பியதே இதற்காகத்தான். அண்ணன் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்கிறவர்.

ஆனால் வயதாவதால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள். ‘ஸ’, ‘ச’, ‘த’, ‘க’ போன்ற மெய்யொலிகள் மங்கிவிடும். உயிரொலிகள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதாவது சத்தம் காதில் விழும், சொல் பிரியாது. அப்படிக் கேட்கிறவருக்கு எதிரில் இருப்பவர் முணுமுணுப்பதாகத்தான் தோன்றும். அண்ணன் தன் காதில் விழுவதைச் சரியாகவே வருணிக்கிறார். பரிசோதனைக்குப் போகமாட்டேன் என்கிறாரே, அதை வேண்டுமானால் மறுப்பு என்று சொல்லுங்கள். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்தது தவறு. அதுவும் அனோசக்னோசியாவை அவ்வளவு அழகாகப் பிரித்துக் காட்டிய அதே பாடத்தில்!

அப்புறம் தேர்வு. கடைசியில் ஒரு வினாத்தாள் தந்து மதிப்பெண் போடுகிறார்கள். “உங்கள் பிரச்சினையைப் பற்றி மற்றவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறீர்களா?” ஆம் என்றால் மறுப்பு மதிப்பெண் ஏறுகிறது. “நீங்கள் எதையாவது ஏற்க மறுக்கிறீர்களா?” இல்லை என்றால் அதற்கும் ஏறுகிறது. வேண்டுமென்றே இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். பிரச்சினையே இல்லாத ஒருவர் நேர்மையாகப் பதில் சொன்னால் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்குவார்.

இந்தப் பொறி பழையது. 1925இல் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்ட் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் நோயாளி ஒருவர், கனவில் வந்தது யாரோ, ஆனால் என் அம்மா இல்லை என்கிறார். அப்படியானால் அம்மாதான் என்று ஃப்ராய்ட் எடுத்துக்கொள்கிறார். ஆம் என்றாலும் மாட்டினீர்கள், இல்லை என்றாலும் மாட்டினீர்கள். வீட்டுச் சண்டைகளில் ‘நீ டினையல்ல இருக்க’ என்பது இப்படித்தான் வந்து விழுகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு காரணமும் எழுதாமல் கிளெய்மை மறுத்தால், உடனே போனை எடுத்துக் கேட்போம். இங்கே காரண எண்ணும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. மறுத்துப் பேசினால் அந்தப் பேச்சே சாட்சி.

குடிப்பழக்கச் சிகிச்சையில் இந்தச் சொல் ஒரு காலத்தில் மிகவும் புழங்கியது. நோயாளியின் மறுப்பை நேருக்கு நேர் மோதி உடைக்க வேண்டும் என்று நம்பினார்கள். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் இதற்கு மாற்றாக ஒரு வழியை முன்வைத்தார்: மோதினால் எதிர்ப்பு வளரத்தான் செய்யும், அவர் வாயாலேயே காரணங்கள் வரும்படி கேளுங்கள் என்றார். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்கிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் யாரையோ மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். அவர்களுக்கு வேண்டியது இதுதானே.

அண்ணியிடம் சொன்னேன். “அப்ப அவர் பண்றது சரிங்கிறியா?” என்றார். சரி என்று சொல்லவில்லை, டினையல் என்று சொல்லாமல் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: முழுத் தொகுப்பை எடுக்க வேண்டாம். கூப்ளர்-ராஸ், நரம்பியல், கோஹன் பகுதிகளைத் தனியாகவும் எடுக்கலாம். கூடவே வரும் எழுத்து வடிவத்தை நம்பாதீர்கள், பாபின்ஸ்கி பெயரே இடத்துக்கு இடம் மாறுகிறது. கடைசிப் பகுதி முடிந்ததும் தேர்வு தானாகத் திறந்து, மதிப்பெண்ணைக் குடும்பத்தாரோடு பகிரலாமா என்று கேட்கும். பகிரலாம் என்பதிலேயே முன்கூட்டி டிக் போட்டிருக்கும். முதலில் அமைப்புகளுக்குப் போய் அதை நீக்கிவிட்டுக் கேட்க ஆரம்பியுங்கள்.