மயக்க மருந்து டாக்டர் அலுவலகம், டர்பன், தென்னாப்பிரிக்கா: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

ஆபரேஷன் என்றால் எல்லோரும் சர்ஜனைத்தான் விசாரிக்கிறோம். கைராசி எப்படி, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று நாலு பேரிடம் கேட்போம். மயக்க மருந்து கொடுப்பவர் யாரென்று கேட்கத் தோன்றாது. அவரை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை, சர்ஜன் தன் வழக்கமான ஆளைக் கூட்டி வருவார். ஆனால் பில் மட்டும் தனியாக, நம் பெயருக்கு வரும். என் கணவருக்குத் தோள்பட்டை ஆபரேஷன் நடந்தபோது எங்களுக்கு அமைந்த டாக்டரின் அலுவலகத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். பெயரைவிட அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் உங்களுக்குப் பயன்படும்.

தீபாவளிக்கு சீரியல் லைட் கட்டுகிறேன் என்று ஏணியில் ஏறினார், விழுந்தார், தோளில் தசைநாண் கிழிந்துவிட்டது. சர்ஜன் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் ரிசப்ஷனில் மயக்க மருந்து டாக்டரின் பெயரைக் கேட்டு வாங்கி, அந்த அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். டாக்டரின் பதிவு எண் என்ன, எவ்வளவு வரும், எங்கள் மெடிக்கல் எய்டுடன், அதாவது இங்கத்திய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துடன், ஒப்பந்தம் உண்டா?

அன்று மாலையே பதில் வந்துவிட்டது. எச்பிசிஎஸ்ஏ (இங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவு எண், பிராக்டிஸ் எண், கட்டணக் குறியீடுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. சுமார் 9,200 ரேண்ட் ஆகலாம், நேரம் கூடினால் தொகையும் கூடும் என்று எழுதியிருந்தார்கள். இங்கே மயக்க மருந்துக் கட்டணம் டாக்ஸி மீட்டர் மாதிரி, 15 நிமிடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஏறும். முதல் ஒரு மணி நேரம் தாண்டினால் இன்னும் வேகமாக ஏறும். அதற்கும் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: உங்கள் மெடிக்கல் எய்டுடன் எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை, உங்கள் திட்டம் தருவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குகிறோம். செலவை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் கேட்டவுடன் இவ்வளவு தெளிவாக யார் எழுதித் தருகிறார்கள்?

புதிதாக இங்கே வேலைக்கு வந்தவர்கள் மெடிக்கல் எய்ட் திட்டங்களில் வரும் 100 சதவீதம் என்ற சொல்லைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அது பில்லில் 100 சதவீதம் இல்லை, மெடிக்கல் எய்ட் தானே வைத்திருக்கும் விலைப்பட்டியலில் 100 சதவீதம். டாக்டர் அதைப்போல் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ வாங்கினால் மிச்சம் நம் தலையில்.

பதிவு எண்ணை எச்பிசிஎஸ்ஏவின் இணையப் பதிவேட்டில் நானே தேடிப் பார்த்தேன். பதிவு நடப்பில் இருக்கிறதா, நிபுணரா என்பதெல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். அது தகுதியைச் சொல்லும், அவ்வளவுதான். பிராக்டிஸ் எண் பில் போடுவதற்கான எண். இந்த இரண்டும் சரியாக இருந்தாலும் நம் திட்டத்தோடு அவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இதை ஹூஸ்டனில் இருக்கும் என் சித்தி மகளிடம் சொன்னேன். அவள் அங்கே மயக்க மருந்து நர்ஸ். நம் ஊரில் மயக்க மருந்து கொடுப்பது டாக்டர் வேலை, நர்ஸ் பக்கத்தில் நின்று உதவுவார். அமெரிக்காவில் அதற்கென்று படித்துச் சான்றிதழ் வாங்கிய நர்ஸே கொடுக்கலாம். அவளுக்கு தேசியச் சான்றிதழ் ஒன்று, மாநில நர்சிங் உரிமம் ஒன்று, என்பிஐ என்ற 10 இலக்க எண் ஒன்று. இத்தனைக்கும் பிறகு ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்திடமும் தனித்தனியாகச் சேர வேண்டுமாம். என்பிஐ இருப்பதாலேயே உரிமம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதே என அதைக் கொடுக்கும் அரசு அமைப்பே சொல்கிறதாம். ஆக, கதை அங்கேயும் அதேதான். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2022 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, மருத்துவமனை காப்பீட்டு வலையமைப்புக்குள் இருந்தால், வெளியாளாக வரும் மயக்க மருந்துக்காரர் மிச்சத் தொகையை நோயாளியிடம் கேட்க முடியாது. இங்கே அந்த மாதிரிக் குடை அவசர சிகிச்சைக்கும், மெடிக்கல் எய்ட் கட்டாயம் ஏற்க வேண்டிய சுமார் 270 வகை நோய்களுக்கும்தான் பெரும்பாலும் விரியும். எங்கள் கேஸ் அதில் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

மெடிக்கல் எய்டின் கால் சென்டரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மேல். "ஆத்தரைசேஷன் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன கவலை?" என்றார் அந்தப் பையன். அந்த அனுமதி எண் வந்த கடிதத்தின் அடியிலேயே, இது பணம் தருவதற்கான உத்தரவாதம் இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நல்லவேளை, கேப் கவர், அதாவது மெடிக்கல் எய்ட் தராத மிச்சத்துக்கான தனிக் காப்பீடு, எடுத்திருந்தோம்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம், பால் ஊற்றிய டீ சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும் என்றார். டீ இல்லாமல் இவருக்குப் பொழுது விடியாது. அந்த ஒரு வார்த்தைக்கே நான் நன்றி சொல்ல வேண்டும்.

டாக்டர் வார்டுக்கே வந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். குறட்டை உண்டா, கட்டுப்பல் இருக்கிறதா, முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது வாந்தி வந்ததா என்று நிதானமாகக் கேட்டார். கழுத்துப் பக்கம் ஊசி போட்டு நரம்பை மரக்க வைக்கப் போகிறேன், கொஞ்ச நேரம் அந்தப் பக்கக் கண்ணிமை தொங்கலாம், குரல் கம்மலாம், பயப்படாதீர்கள் என்று முதலிலேயே சொல்லி வைத்தார். அப்படியே ஆயிற்று. முன்கூட்டிச் சொல்லியிராவிட்டால் அந்த இமையைப் பார்த்து நான் பக்கவாதம் என்று ஊரைக் கூட்டியிருப்பேன். மறுநாள் காலை வரை கை அசையவில்லை, வலியும் இல்லை. மரப்பு விடுவதற்கு முன்பே மாத்திரை போட்டுவிடச் சொன்னதும் அவர்தான்.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் பில். காயத்துக்கான ஐசிடி குறியீடு (நோய்க்கும் காயத்துக்கும் உலகம் முழுக்கப் போடும் எண்) எஸ்46.0 இருந்தது, காயம் எப்படி ஏற்பட்டது என்ற குறியீட்டை விட்டுவிட்டார்கள். இங்கே காயம் என்றால் இரண்டும் வேண்டும். மெடிக்கல் எய்ட் திருப்பி அனுப்பிவிட்டது. ஏணியிலிருந்து விழுவதற்கென்றே டபிள்யூ11 என்று ஒரு குறியீடு இருக்கிறதாம்! உலகத்தில் எத்தனை பேர் சீரியல் லைட் கட்டியிருப்பார்கள் பாருங்கள். அலுவலகத்தில் வருத்தம் தெரிவித்துத் திருத்தி அனுப்பினார்கள், ஆனால் கண்டுபிடித்துச் சொன்னது நான். சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பிறகு நாலாவது மாதக் கடைசிக்குள் கிளெய்ம் போய்ச் சேர வேண்டும் என்பதால் சும்மா விட முடியாது. மெடிக்கல் எய்ட் தன் பங்கைக் கட்டிய பிறகுதான் கேப் கவர்காரர்களும் மிச்சத்தைத் தந்தார்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டி வந்தால், பயணக் காப்பீட்டை இந்த அலுவலகம் நேரடியாக ஏற்பதில்லை. முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். எல்லாக் குறியீடுகளும் போட்ட ரசீது தருவார்கள், அதை வைத்து நீங்கள் கிளெய்ம் செய்துகொள்ளலாம். டபிள்யூவில் தொடங்கும் வரி இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.