நிக்ஸி டியூப் வாங்கப் போகிறவர்கள் காசு போட முன் இதை வாசியுங்கள்

கொழும்பில் பழைய எலக்ட்ரோனிக்ஸ் சாமான் விற்கிற ஒரு ஒன்லைன் பக்கத்திடம் 42,000 ரூபாவைப் பறிகொடுத்துவிட்டு, கோபம் ஆற முன்னமே இதை எழுதுகிறேன். வாங்கியது ஆறு ஐஎன்-14 டியூப்கள், இலக்கம் காட்டுகிற நிக்ஸி டியூப்களில் ஒரு வகை. சோவியத் காலத்துச் சாமான். நியோன் நிரப்பிய கண்ணாடிக்குள் 0 முதல் 9 வரை மெல்லிய உலோக இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், 170 வோல்ட் அளவில் கொடுத்தால் செம்மஞ்சளாக எரியும். இந்த வகை இப்போது உற்பத்தியில் இல்லை, அதனால் பாவிக்காத பழைய இருப்புக்குத்தான் விலை.

விற்றவர் போனில் அவ்வளவு தன்மையாகக் கதைத்தார். "தம்பி, பெட்டியோட இருந்த சாமான், ஒருதரும் பாவிக்கேல்லை" என்றார். எரிகிற வீடியோ கேட்டேன், உடனே அனுப்பினார்: ஆறும் ஒரு பலகையில் வரிசையாக 12:01:10 என்று எரிந்தன. "எங்கட அப்பாவும் ரேடியோ திருத்தினவர், அருமை தெரிஞ்ச ஆளுக்குத்தான் இதைக் குடுப்பன்" என்று அவர் சொன்னதை நம்பித்தான் முழுக் காசையும் பாங்கில் போட்டேன்.

பாவிக்காத ஐஎன்-14இன் அடியில், பலகையில் ஈயம் வைத்து ஒட்டுகிற கம்பிகள் நீளமாக, வெட்டுப்படாமல் இருக்கும். எனக்கு வந்தவற்றில் கம்பிகளைக் கட்டையாக வெட்டியிருந்தது, நுனியில் பழைய ஈயம் உருண்டு ஒட்டியிருந்தது. ஒன்றின் கண்ணாடி உட்பக்கம் சிம்னி போலக் கறுத்திருந்தது. கனகாலம் எரிந்தால்தான் உலோகம் தெறித்து அப்படிப் படியும். கொட்டாஞ்சேனையில் நண்பனின் பவர் சப்ளையில் இலக்கம் இலக்கமாகக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு டியூப்பில் 0, 1, 2 மட்டும் பளிச்சென்று வருகிறது, 7இல் மேல்கோடு மட்டும், 8இல் கீழ்ப்பாதி இருட்டு. அதாவது ஒரு மணிக்கூட்டில் மணியின் முதல் இலக்கமாக வருடக்கணக்கில் எரிந்த டியூப் அது! எரியாமல் கிடந்த இலக்கங்களில் மற்றவற்றின் உலோகம் படிந்து கதோட் பொய்சனிங் என்கிற பழுது வந்திருக்கிறது (கதோட் என்பது அந்த உலோக இலக்கம்தான்). வீடியோவில் ஏன் 0, 1, 2 மட்டுமே தெரிந்தன என்று அப்போதுதான் விளங்கியது. இன்னொன்று எரியவே இல்லை.

கேட்டால் முதலில் "உங்கட சேர்க்கிட் பிழை". படம் அனுப்பினால் "கூரியர்காரர் தட்டியிருப்பினம்". அப்புறம் "கூடின கரண்ட்ல கொஞ்ச நேரம் எரிய விடுங்கோ, சரி வரும்". பொய்சனிங் சில வேளை அப்படித் தெளியும், உண்மைதான், ஆனால் வெட்டிய கம்பி வளராதே! கடைசியில் "பழைய சாமானுக்கு வொரண்டி கேட்கிறீங்களோ" என்றார், இப்போது மெசேஜைப் பார்க்கிறார், பதில் இல்லை. 42,000 ரூபா, அதற்கு ஒரு மன்னிப்புக்கூட இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். ஒவ்வொரு டியூப்பிலும் பத்து இலக்கமும் எரிவதை ஒரே வீடியோவில், வெட்டாமல் கேளுங்கள். கம்பி நுனியைக் கிட்டப் படம் எடுக்கச் சொல்லுங்கள். 5 தலைகீழான 2 போல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஐஎன்-14 அப்படித்தான். முழுக் காசையும் முன்கூட்டிப் போடவே வேண்டாம். அதே 12:01:10 வீடியோவோடு இன்னொரு செட்டை நேற்று விற்பனைக்குப் போட்டிருக்கிறார்கள், கண்டால் தொடாதீர்கள்.