ஸ்டைல் விதிகளை எங்கே வைப்பது: எக்ஸ்எஸ்எல்டியிலா, சிஎஸ்எஸ்ஸிலா?

தரமணி, கிண்டி, அம்பத்தூர் என்று சென்னை முழுக்க வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் தயாரித்துக் கொடுக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. கட்டுரை ஜாட்ஸ் எக்ஸ்எம்எல்லாக (ஆய்விதழ்க் கட்டுரையின் பகுதிகளைக் குறியிட்டு வைக்கும் வடிவம்) இருக்கும். அதை வேறு வடிவத்துக்கு மாற்றும் நிரலான எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டி, பிரவுசரில் திறக்கும் எச்டிஎம்எல் பக்கமாக எடுப்போம். நிறம், எழுத்துரு, இடைவெளி போன்ற ஸ்டைல் விதிகளை அந்த எக்ஸ்எஸ்எல்டியிலேயே எழுதலாம்; தோற்றத்துக்கென்றே உள்ள சிஎஸ்எஸ் கோப்பிலும் எழுதலாம். "படத் தலைப்புகள் எல்லாம் கருநீலத்தில் வேண்டும்" என்று பதிப்பாளரிடமிருந்து ஒரு மெயில் வந்தால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது? ஒரு அமைப்பு சரியா இல்லையா என்பதை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

எக்ஸ்எஸ்எல்டியில் ஒவ்வொரு வகைப் பகுதியையும் எப்படி மாற்றுவது என்று சொல்லும் துண்டுக்கு டெம்ப்ளேட் என்று பெயர். அதற்குள்ளேயே ஸ்டைல் ஆட்ரிப்யூட்டை (எச்டிஎம்எல் குறியோடு சேர்ந்து தோற்றத்தைச் சொல்லும் பண்பு) எழுதுவது முதல் வழி. ஒரே ஒரு பக்கம் என்றால் போதும். படத்துக்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று, பின்னிணைப்புக்கு ஒன்று என்று டெம்ப்ளேட் பெருகியதும் அதே நிறம் பத்து இடத்தில் கிடக்கும். ஒன்று விட்டுப்போவது உறுதி.

இரண்டாவது வழி, ஆட்ரிப்யூட்-செட். 1999இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0இலேயே இது உண்டு. ஆட்ரிப்யூட்டுகளைப் பெயர் வைத்து ஓரிடத்தில் தொகுத்துவிட்டு, தேவைப்படும் எலிமெண்டில் (பத்தி, தலைப்பு போன்ற பகுதியின் குறியில்) அந்தப் பெயரைச் சொன்னால் போதும். பொதுவான கோப்பை இம்போர்ட் செய்துகொண்டு, ஒவ்வோர் இதழுக்கும் அதே பெயரில் இன்னொரு செட் எழுதினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். மோதும் ஆட்ரிப்யூட்டில் இம்போர்ட் செய்த கோப்பு தோற்கும், இதழின் கோப்பு ஜெயிக்கும். பல இதழ்களைக் கையாள்கிறவருக்கு இது பெரிய வசதி.

ஆனால் எச்டிஎம்எல்லுக்கு இது ஒட்டாது. எழுத்துருவுக்கு ஒரு செட், ஓர இடைவெளிக்கு ஒரு செட் என்று பிரித்து எழுதி, இரண்டையும் ஒரே பத்திக்குக் கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது ஸ்டைல் என்ற ஒரே ஆட்ரிப்யூட். பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும். எழுத்துரு காணாமல் போய் ஓரம் மட்டும் மிஞ்சும். பிழைச் செய்தியும் வராது. அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் மொழியான எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நிறம், அளவு, ஓரம் எல்லாம் தனித்தனி ஆட்ரிப்யூட். ஆட்ரிப்யூட்-செட் முழுப் பலத்தோடு வேலை செய்வது அங்கேதான்.

இன்னொன்று: செட்டை மாற்றினால் பழைய கட்டுரைகள் தானாக மாறிவிடாது. அத்தனையையும் மறுபடி ஓட்டி, மறுபடி சரிபார்த்து, மறுபடி ஏற்ற வேண்டும்.

மூன்றாவது வழியில் எக்ஸ்எஸ்எல்டி கிளாஸ் பெயரை (இது என்ன வகைப் பகுதி என்று காட்டும் பெயரை) மட்டும் எழுதும். தோற்றம் முழுக்க வெளியே ஒரு சிஎஸ்எஸ் கோப்பில். என் ஓட்டு இதற்குத்தான். 'இது படத் தலைப்பு' என்று சொல்வதோடு எக்ஸ்எஸ்எல்டியின் வேலை முடிந்தது. கருநீலம் கேட்டு மெயில் வந்தால் ஒரு வரி மாற்றம். பழைய கட்டுரைகளும் சேர்ந்தே மாறும். வாசகரின் பிரவுசர் தான் சேமித்து வைத்த பழைய கோப்பையே கொஞ்ச காலம் காட்டிக்கொண்டிருக்கலாம், அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

வித்தியாசம் பளிச்சென்று தெரிவது தமிழ்ச் சுருக்கத்தோடு வரும் ஆங்கிலக் கட்டுரையில். ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் தமிழைப் போட்டால் மேல் வரி 'ழு'வின் வாலும் கீழ் வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். சாய்வெழுத்து இன்னும் மோசம்: சாய்ந்த வடிவம் இல்லாத தமிழ் எழுத்துருவை பிரவுசர் தானே பிடித்துச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. ஸ்டைல் எக்ஸ்எஸ்எல்டியில் இருந்தால் சாய்வு, பத்தி, தலைப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் மொழி என்ன என்று சோதித்து இரண்டு கிளை எழுத வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் என்றால், எக்ஸ்எம்எல்லில் உள்ள மொழிக் குறியை எச்டிஎம்எல்லின் லேங் ஆட்ரிப்யூட்டாகக் கடத்தினால் போதும். தமிழ் என்றால் வரி உயரம் கூடட்டும், சாய்வுக்குப் பதில் தடிமன் வரட்டும் என்று இரண்டே விதி. தமிழ் வாசகருக்குச் செய்ய வேண்டிய அடிப்படை மரியாதை இது. ஆங்கில விதியிலேயே தமிழையும் ஓட்டிவிட்டுப் போகும் பக்கங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சரி, சிஎஸ்எஸ் கோப்பு கூட வர முடியாத இடம்? புதிய இதழ் வெளியானதும் போகும் மின்னஞ்சலில் ஜிமெயில் வெளிக் கோப்பை ஏற்காது. அங்கே ஸ்டைலை உள்ளேயே எழுதத்தான் வேண்டும். அந்த எக்ஸ்எஸ்எல்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையின் நெடுவரிசை அகலம் போலத் தரவிலிருந்தே வரும் அளவுகளும் உள்ளேயே இருக்கலாம், தப்பில்லை. நிறமும் எழுத்துருவும் அப்படி நுழைந்தால்தான் வம்பு. உள்ளே எழுதியது வெளிக் கோப்பை மீறும். அதை அடக்க, 'இந்த விதியே ஜெயிக்கட்டும்' என்று சொல்லும் இம்பார்ட்டன்ட் குறியை சிஎஸ்எஸ்ஸில் போட ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது.

கையில் ஏற்கனவே ஆட்ரிப்யூட்-செட் நிறைந்த பழைய எக்ஸ்எஸ்எல்டி இருந்தால் எல்லாவற்றையும் கலைக்க வேண்டாம். டெம்ப்ளேட்டுகளைத் தொடாமல் விடுங்கள். செட்டின் பெயரும் அப்படியே இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஸ்டைலை எடுத்துவிட்டு கிளாஸ் ஆட்ரிப்யூட்டை வையுங்கள்; அந்த ஸ்டைல் வரிகள் சிஎஸ்எஸ் கோப்புக்குப் போகட்டும். ஒரு எலிமெண்ட் இரண்டு செட்டை எடுத்தால் இங்கேயும் பிந்தியதுதான் நிற்கும். அந்த மாதிரி இடங்களுக்கு மட்டும் இரண்டு கிளாஸ் பெயரும் சேர்ந்த ஒரு செட்டைப் புதிதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.