மழையில் பறந்ததும் மழையில் நின்றதும்: ஒரு சிறிய விமானத்தோடு ஒன்பது ஆண்டுகள்

ஒன்பது ஆண்டுகளாக ஒரே விமானத்தைத்தான் ஓட்டுகிறேன். நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின், தலைக்கு மேலே இறக்கை, அலுமினிய உடல், மடங்காத சக்கரங்கள். முதல் ஆறு ஆண்டுகள் அது திறந்தவெளியில் நின்றது. ஹேங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள், இடம் கிடைத்தது அதற்குப் பிறகுதான். இரண்டு நிலையையும் பார்த்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: மழையில் பறந்ததால் இந்த விமானத்துக்குப் பெரிய கேடு எதுவும் வரவில்லை. மழையில் நின்றதால் வந்தது. தவறான முறையில் கழுவியதாலும் வந்தது.

முதலில் பறப்பதைச் சொல்லிவிடுகிறேன். முன் கண்ணாடிக்கு வைப்பர் இல்லையே, எப்படிப் பார்ப்பீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தரையில் மெதுவாக நகரும்போது உண்மையிலேயே சிரமம்தான். எஞ்சினுக்கு வேகம் கொடுத்ததும் புரொப்பெல்லர் தள்ளும் காற்றில் துளிகள் கண்ணாடியின் மேல்நோக்கி ஓடிவிடும். அடைமழையில் மட்டும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் தங்கும். அப்போது நேர் எதிரே கலங்கலாகவும் பக்கவாட்டில் தெளிவாகவும் தெரியும். அந்தப் படலம் ஒளியை வளைப்பதால், இறங்கும்போது நாம் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதுபோல் தோன்றும். அதை நம்பினால் தாழ்ந்துவிடுவோம். அதனால் மழையில் கண்ணை நம்பி இறங்குவதில்லை. ரன்வே ஓரத்தில் இருக்கும் சரிவு காட்டும் விளக்குகளையும் உயரமானியையும் மாறி மாறிப் பார்க்கிறேன்.

ஈரமான ரன்வேக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. டயரின் காற்றழுத்தத்தைப் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். 36 பி.எஸ்.ஐ. என்றால் 54 நாட். நான் தரை தொடும் வேகமும் ஏறக்குறைய அதுதான். ஆகவே முதல் சில விநாடிகள் பிரேக்கை மறந்துவிட வேண்டும். கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து, காற்றே வேகத்தைக் குறைக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

மழையில் நான் உண்மையில் அஞ்சுவது, எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில் படியும் பனிக்கட்டிக்குத்தான். வெளியே உறைபனி இருக்க வேண்டியதே இல்லை. பெட்ரோல் ஆவியாவதாலும் குறுகிய கழுத்து வழியே காற்று விரிவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் சரியும். மூன்றாம் ஆண்டில், தூறலில், வெளி வெப்பம் 18 டிகிரி இருந்தபோது எஞ்சினின் ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) மெல்ல மெல்ல நூறு குறைந்தது. கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட் கைப்பிடியை இழுத்தேன். இன்னும் குறைந்து, எஞ்சின் இரண்டு முறை விக்கியது. உருகிய நீர் உள்ளே போகிறது என்று தெரிந்ததால் கைப்பிடியைத் திரும்பத் தள்ளாமல் காத்திருந்தேன். அரை நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. அந்த விக்கலுக்குப் பயந்து ஹீட்டை உடனே அணைப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

எந்த மழைக்குள் போவது என்பதில் எனக்குப் பேரமே கிடையாது. சீராகப் பெய்யும் மழை, கீழே தரை தெரிகிறது, மேகத்துக்குப் போதுமான அளவு கீழே இருக்கிறேன் என்றால் போவேன். இடிமேகத்துக்கு 20 கடல் மைல் தள்ளியே இருப்பேன். விழுந்ததும் உறையும் மழை என்றால் கிளம்பவே மாட்டேன்.

புரொப்பெல்லர் மட்டும் பறக்கும்போது மழையால் தேயும். 193 சென்டிமீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 870 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு மழைத்துளி கூழாங்கல்லுக்குச் சமம். என்னுடையது உலோகம் என்பதால் முன்விளிம்புப் பெயின்ட் போனதோடு சரி. மரப் புரொப்பெல்லர் வைத்திருப்பவர்கள் மழையில் சுற்றைக் குறைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரே பயணத்தில் முன்விளிம்பு உரிந்துபோகலாம்.

இறக்கையின் வழவழப்பும் மழையோடு சம்பந்தப்பட்டதுதான். பர்ட் ரூட்டான் வடிவமைத்த வேரி ஈஸீ, லாங் ஈஸீ விமானங்களில் மூக்குப் பக்கம் ஒரு சிறு இறக்கை இருக்கும். மழை நனைத்ததும் அதன் மேல் காற்றோட்டம் குலைந்து, தூக்குவிசை குறைந்து, மூக்கு தாழத் தொடங்கியது. பிறகு ஜான் ரான்ஸ் என்பவர் வேறொரு வடிவம் தந்த பின்தான் அது தீர்ந்தது. பூச்சிகள் ஒட்டிக் காய்ந்தாலும் இதே விளைவுதான். என் விமானத்தின் பழைய பாணித் தடித்த இறக்கைக்கு இதெல்லாம் பெரிதாக உறைப்பதில்லை. ஆனாலும் முன்விளிம்பை நான் சுத்தமாகவே வைக்கிறேன்.

இனி நிற்பதற்கு வருகிறேன். பறக்கும்போது காற்று எல்லா நீரையும் பின்னால் தள்ளி வெளியேற்றிவிடுகிறது. நிற்கும்போது நீருக்கு அவசரமில்லை. இரவெல்லாம் இடுக்கு தேடி இறங்குகிறது.

பெட்ரோல் டேங்க் மூடிதான் முதல் இடம். ஓர் இரவு நல்ல மழை. காலையில் டேங்கின் அடியிலிருந்து மாதிரி எடுத்தேன். நீல நிறப் பெட்ரோலுக்கு அடியில் நிறமற்ற ஒரு குமிழ் நின்றது. கொட்டிவிட்டு மறுபடி எடுத்தேன், மறுபடியும் நீர். நான்காவது முறைதான் சுத்தமான நீலம் வந்தது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து விறைத்திருந்தது காரணம். இரண்டு வளையங்களையும் மாற்றினேன். இப்போது ஓராண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன். இங்கே ஒரு பொறி இருக்கிறது: குப்பி முழுக்க நீராகவே வந்தால் இரண்டுக்கும் நடுவே கோடு தெரியாது, சுத்தமாக இருப்பதுபோலவே தோன்றும். அதனால் வெள்ளைப் பின்னணியில் வைத்து நிறம் பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும். எடுப்பதற்கு முன் இறக்கையை மெல்ல ஆட்டிவிட்டு சில நிமிடம் பொறுத்தால், மூலையில் தேங்கியதும் அடிக்கு வந்துவிடும்.

அடுத்தது கதவு ரப்பர். பின்னிருக்கைக்குக் கீழே விரிப்பு ஈரமாக இருந்ததைப் பல வாரம் நான் கவனிக்கவில்லை. வாடை வந்த பிறகு தூக்கிப் பார்த்தால் தரைத் தகட்டில் வெள்ளைப் பொடி. அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைச் சுரண்டிச் சரிசெய்து பூச்சுப் போட இரண்டு வாரம் விமானம் நின்றது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு விரிப்பைத் தூக்கிக் காயவைப்பது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பரப்புகளின் அடியில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். அவை அடைபட்டால் உள்ளே நீர் தங்கி எடைச் சமநிலை மாறும். வேகத்தில் அது நடுக்கமாக மாறினால் பரப்பே பிய்ந்துபோகலாம். பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றையும் குத்திப் பார்க்கிறேன்.

வேகமானிக்குக் காற்று எடுக்கும் பிட்டோ குழாயை ஒருமுறை மூடாமல் விட்டேன். அடுத்த நாள் ஓடத் தொடங்கியதும் முள் துள்ளியது, நின்றது, மறுபடி துள்ளியது. குழாய்க்குள் நீர். ரன்வே மிச்சம் நிறைய இருந்ததால் வேகத்தைக் குறைத்துத் திரும்பினேன். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய பிர்கனேர் நிறுவனத்தின் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பல நாள் மூடாமல் நின்ற பிட்டோ குழாயில் குளவி கூடு கட்டியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. என் உறை இப்போது இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் குழாயில் இருக்கும்.

கழுவுவதில் நான் செய்த பெரிய தவறு, அழுத்தமாகப் பீய்ச்சும் கருவியைப் பயன்படுத்தியது. எந்த மழையும் போகாத இடத்துக்கு அது நீரை அனுப்புகிறது. மூக்குச் சக்கரத்தின் பேரிங்கில் கிரீஸ் வெளியேறித் துரு பிடித்திருந்தது. இப்போது வாளி, மென்மையான சோப்பு, பஞ்சுக் கையுறை. பெரும்பாலும் கையால்தான். நீர் மேலிருந்து வழிந்தால் போதும்.

கழுவும்போது, உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுக்கும், விமான உடலின் பக்கவாட்டில் உள்ள ஸ்டாடிக் துளைகளை மூட வேண்டும், முடிந்ததும் மறக்காமல் திறக்க வேண்டும். 1996 அக்டோபரில் பெருவின் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 விமானத்தில், சுத்தம் செய்தபோது துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். உயரமும் வேகமும் தவறாகக் காட்டின. இருட்டில் கடலில் மோதி 70 பேரும் இறந்தார்கள். உடலின் நிறத்தோடு கலந்துபோகும் டேப்பை நான் தொடுவதே இல்லை. சிவப்பு நாடா தொங்கும் அடைப்பான்கள்தான். எத்தனை வைத்தேன் என்று எழுதிவைத்து, எண்ணி எடுக்கிறேன்.

முன் கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவம் பட்டால் நுண்விரிசல் வலைபோல் பரவும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, முதலில் நிறைய நீர் ஊற்றி, வெறுங்கையால் தடவி மணல் இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் துணி. வட்டமாகத் தேய்க்காமல் மேலும் கீழுமாகத் துடைக்க வேண்டும். வட்டக் கீறல்கள் எதிர்வெயிலில் கண்ணைக் குருடாக்கும்.

வயிற்றுப் பக்கத்தில் சைலன்சர் விடும் சாம்பல்நிறக் கறையில் ஈயம் இருக்கிறது. நான் போடும் 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் அனுமதி. கையுறை இல்லாமல் அதைத் தொட வேண்டாம். காய்ந்த பூச்சிகளைச் சுரண்டவும் வேண்டாம். ஈரத் துண்டைப் பத்து நிமிடம் முன்விளிம்பில் போட்டுவைத்தால் துடைப்பிலேயே வந்துவிடும்.

மெழுகும் பூசிப் பார்த்தேன், செராமிக் பூச்சும் பார்த்தேன். செராமிக் நீடிக்கிறது, பூச்சியும் எண்ணெயும் எளிதில் விடுகின்றன. பெயின்ட் பழசாக இருந்தால் அதற்குச் செலவிடும் உழைப்பு வீண். மெழுகே போதும்.

கழுவி முடித்துத் துளைகளைத் திறந்து சரிபார்த்ததும், ஈரமான பிரேக்கை நகரும்போதே இரண்டு முறை அழுத்தி உலர்த்திவிட்டு, இருபது நிமிடம் பறந்துவிடுகிறேன். துண்டு எட்டாத இடுக்குகளை அந்தக் காற்று காயவைக்கிறது. இறங்கியதும் இறக்கைக்குக் கீழே நடந்து, எங்காவது இன்னும் சொட்டுகிறதா என்று பார்ப்பேன். சொட்டும் இடம் இருந்தால், அன்றைய வேலை அங்கேதான்.