ஒரு கல், ஒரு குளியலறை: பாரசைட்டும் பர்னிங்கும்

கொரியப் படம் என்று பேச்சு எடுத்தாலே முதலில் வந்து உட்காருவது பாரசைட்தான். 2019ல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப் பனை. அடுத்த பிப்ரவரியில் நான்கு ஆஸ்கர். ஆங்கிலம் அல்லாத ஒரு படம் 'சிறந்த படம்' விருதை வாங்கியது அதுதான் முதல்முறை. நம் ஊரிலும் அந்தச் சமயத்தில் 'இது மின்சார கண்ணா கதையாச்சே' என்று ஒரு கூத்து நடந்து ஓய்ந்தது. 2025ல் நியூயார்க் டைம்ஸ் சினிமாக்காரர்களிடம் கேட்டுத் தொகுத்த, இந்த நூற்றாண்டின் நூறு படங்கள் பட்டியலில் பாரசைட்டுக்கு முதலிடம். அதே இயக்குநர் போங் ஜூன்-ஹோ 2003ல் எடுத்த மெமரீஸ் ஆஃப் மர்டர் 99வது இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சண்டை இந்த 98 படிகளோடுதான்.

பாரசைட்டுக்கு ஓவர் பில்டப்பா என்று கேட்டால், கொஞ்சம் ஆமாம். காரணம் சொல்ல மூன்று படங்களின் முடிவையும் போட்டு உடைக்க வேண்டியிருக்கும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கேயும் போய்விடாது.

பாரசைட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சரியான படம் லீ சாங்-டாங்கின் பர்னிங். ஓராண்டு முன்னால், 2018ல், அதே கான் போட்டிப் பிரிவில் இருந்தது. விஷயமும் அதேதான்: சியோலில் பணக்கார வீட்டுக்குள் நுழைந்துவிடும் இல்லாதவன். ஒளிப்பதிவாளர் கூட ஒரே ஆள், ஹாங் கியங்-பியோ.

இரண்டிலும் ஏழையின் அறைக்குள் வெயில் எப்படி வருகிறது என்று பாருங்கள். பாரசைட் தெரு மட்டத்தில் இருக்கும் ஒரு ஜன்னலில் தொடங்குகிறது. பாதி நிலத்துக்குள் புதைந்த வீடு. காய்கிற சாக்ஸ், வெளியே ரோடு, அப்படியே கேமரா கீழே இறங்கினால் ஓசி வைஃபை தேடும் அந்த வீட்டு மகன் கி-வூ. கடைசிக் காட்சியிலும் அதே இறக்கம், வெளியே பனி. கச்சிதம். பர்னிங்கில் நாயகி ஹே-மியின் அறைக்கு நேர் வெயிலே கிடையாது. நாள்தோறும் ஒரே ஒரு தடவை, சியோலின் நம்சான் கோபுரத்துக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் சுவரில் கொஞ்ச நேரம் நிற்கும், அவ்வளவுதான். முதல்முறை அவளோடு படுக்கையில் இருக்கும்போது ஏழை நாயகன் ஜாங்-சு அந்தத் துண்டு வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதல் ஜன்னலைப் பார்த்ததும் எனக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. இரண்டாவது வெளிச்சம் என்னவென்று இன்னும் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

இன்னொரு ஜோடி இதைவிட வேடிக்கை. பாரசைட்டில் நண்பன் ஒருவன் அதிர்ஷ்டக் கல் என்று ஒரு பாறாங்கல்லைக் கொண்டுவந்து கொடுக்கிறான். கி-வூ அதைப் பார்த்து, இது ரொம்பக் குறியீடாக இருக்கிறதே என்று வியக்கிறான். சாப்பிட ஏதாவது கொண்டுவந்திருக்கலாம் என்பது அம்மாவின் முணுமுணுப்பு. கிண்டல்தான், சிரிப்பும் வருகிறது. ஆனால் அந்தக் கல் சும்மா இருந்ததா? வெள்ளத்தில் மிதந்து வருகிறது, கி-வூ கட்டிப்பிடித்துக்கொள்கிறான், கடைசியில் அவன் மண்டையையே பிளக்கிறது. குறியீட்டைக் கேலி செய்துவிட்டு அதையே வேலை வாங்கிக்கொள்கிறது படம்.

பர்னிங்கில் பணக்கார பென் பாஸ்தா கிளறிக்கொண்டே உருவகம் பற்றி ஏதோ சொல்கிறான். 'உருவகம்னா என்ன?' என்கிறாள் ஹே-மி. எழுத்தாளன் ஜாங்-சுவைக் கேள் என்று பென் திருப்பிவிடுகிறான். ஜாங்-சு கேட்பது ஒன்றுதான்: குளியலறை எங்கே இருக்கிறது? போய் அலமாரியைத் திறந்தால் உள்ளே பெண்கள் போடும் சின்னச் சின்ன அணிகலன்கள். யாருடையவை? படம் வாயைத் திறக்காது. பிறகு ஹே-மி காணாமல் போகிறாள். ஜாங்-சு அவளுக்குக் கொடுத்தது போலவே ஒரு ரோஸ் கைக்கடிகாரம் அங்கே கிடக்கிறது.

என் அக்காவோடு சேர்ந்து பர்னிங் பார்த்தேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, "டேய், கடைசில அந்த பென் அவளைக் கொன்னானா இல்லையாடா?" என்றாள். தெரியாது என்றேன். "இதுக்கா ரெண்டரை மணி நேரம்?" அவள் கோபம் நியாயம்தான். கொரியாவிலும் கூட்டம் அப்படித்தான் நினைத்திருக்கிறது: பாரசைட்டுக்கு ஒரு கோடிக்கு மேல் டிக்கெட், பர்னிங்குக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

அப்புறம், பர்னிங்கின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஹே-மி போன பிறகு அவள் ஒரு புதிராக மட்டுமே மிஞ்சுகிறாள். பாரசைட்டில் ஏழை வீட்டு மகளான கி-ஜங்கோடு ஒப்பிட்டால் பாவமாக இருக்கிறது. வீடெல்லாம் சாக்கடைத் தண்ணீர், கொப்பளிக்கும் கழிப்பறை, அதன் மூடியை அழுத்தி மேலே உட்கார்ந்து ஒளித்துவைத்த சிகரெட்டைப் பற்றவைக்கிறாள் கி-ஜங். அந்த ஒரு ஷாட்டுக்கு ஈடாக பர்னிங்கில் ஹே-மிக்கு மாலை வெளிச்சத்தில் ஆடும் நடனம் இருக்கிறது. அழகுதான், ஆனால் அதை இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பாரசைட்டில் பீச் பழத்தை வைத்து வேலைக்கார அம்மாளை வெளியேற்றும் அந்தச் சில நிமிடங்களும் பிரமாதம். படத்தொகுப்பு கற்றுக்கொள்பவர்கள் நோட்டு எடுக்க வேண்டிய இடம்.

ஏழைக் குடும்பத்தின் உடல் நாற்றத்தைப் பணக்கார வீடு மோப்பம் பிடிக்கும் விஷயத்திலும் வெற்றி பாரசைட்டுக்கே. சோப்பை மாற்றலாமா என்று குடும்பம் யோசிக்கிறது. இது நம் வீட்டு நாற்றம், வீடு மாறினால்தான் போகும் என்கிறாள் கி-ஜங். இதற்குமேல் எந்தக் கல்லும் தேவையில்லை. ஆனால் படம் நிறுத்தாது. மழை வெள்ளத்துக்கு மறுநாள், நல்லவேளை மழை பெய்து வானம் சுத்தமாச்சு என்று முதலாளியம்மா போனில் பேச, முன் சீட்டில் வீடிழந்த அப்பா கி-டேக் கார் ஓட்டுகிறான். புரிந்தது சார், நேற்று ராத்திரியே புரிந்தது.

போங்குக்கு இப்படிக் கோடு போட்டுக் காட்டாமலும் எடுக்கத் தெரியும். மெமரீஸ் ஆஃப் மர்டரில் வயல் ஓரம் ஒரு பிணம், மண்ணில் ஒரு காலடித் தடம். அதைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஊர்ச் சனம், குழந்தைகள், நிருபர்கள் எல்லாம் குறுக்கும் நெடுக்கும் ஓட, வரப்பிலிருந்து இறங்கும் போலீஸ்காரர் சறுக்கி விழ, ஒரு டிராக்டர் நிதானமாக வந்து தடத்தின் மேல் ஏறிப் போகிறது. எல்லாம் வெட்டே இல்லாத ஒரே ஷாட். சர்வாதிகாரக் கால போலீஸின் லட்சணம் அதில் முழுசாக இருக்கிறது, யாரும் வசனம் பேசி விளக்கவில்லை.

படத்தில் வருபவை கொரியாவின் ஹ்வாசோங்கில் 1986 முதல் 1991 வரை நடந்த நிஜக் கொலைகள். படம் வரும்போது கொலைகாரன் யாரென்று தெரியாது. அதனால்தான் கடைசியில், துப்பறியும் போலீஸ்காரராக நடித்த சாங் காங்-ஹோ நேராக கேமராவைப் பார்க்கிறார். கொலைகாரன் படம் பார்க்க வந்தால் அவன் கண்ணைப் பார்க்கட்டும் என்று போங் வைத்த ஷாட். தங்கப் பனை கிடைத்து நான்கு மாதம் கழித்து, 2019 செப்டம்பரில், மரபணுச் சோதனையில் ஆள் சிக்கினான். மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக 1994லிருந்தே சிறையில் இருந்தவன். படம் திரைக்கு வந்தபோது அவனால் தியேட்டருக்கு வந்திருக்கவே முடியாது. விஷயம் தெரிந்த பிறகு அந்த முகத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். சாங் காங்-ஹோ இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.