ஹீலியோஸ் 58 மிமீ எஃப்/2: 44-2, 44எம், 44எம்-4 – எதை வாங்குவது?

எம்42 திருகு மவுண்டில் (லென்ஸைக் கேமராவில் திருகி மாட்டும் அமைப்பு) அதிகம் கைமாறும் பழைய லென்ஸ்களில் ஒன்று, சோவியத் ஹீலியோஸ்-44. ஜெர்மன் சைஸ் பயோட்டாரின் வழிவந்தது. 4 குழுக்களில் 6 கண்ணாடிகள். 44-2 முதல் 44எம்-7 வரை அடிப்படை வடிவம் இதுதான். ஆனால் மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாதது) அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டு மாட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால், எண் பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காமல் 44-2ஐ எடுங்கள்.

காரணம் அப்பர்ச்சர், அதாவது பிளேடுகளால் சுருங்கி விரியும் ஒளித்துளையின் அமைப்பு. 44-2இல் அதற்கு இரண்டு வளையங்கள். ஒன்று 'டிக் டிக்' என்று நின்று எல்லையைக் குறிக்கும். இன்னொன்று எஃப்/2க்கும் (துளை முழுதும் திறந்த நிலை) அந்த எல்லைக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போகும். எல்லையை 16இல் வைத்துவிட்டால் சத்தமே வராது, வீடியோவுக்கு அருமை. பின்பக்கம் ஊசி இல்லாததால் எந்த எம்42 அடாப்டரும் போதும்.

44எம்மில் பின்னால் ஒரு சிறிய ஊசி உண்டு. அது அழுந்தினால்தான் பிளேடுகள் மூடும். பக்கத்தில் ஏ/எம் (ஆட்டோ/மேனுவல்) சுவிட்ச் இருப்பதால், எம்மில் வைத்தால் தொல்லையில்லை. 44எம்-4இலிருந்து அந்தச் சுவிட்ச் கிடையாது. ஊசியை அழுத்திப் பிடிக்க உள்விளிம்புள்ள அடாப்டர் கட்டாயம். இல்லையென்றால் வளையத்தை 16க்குத் திருப்பினாலும் லென்ஸ் எஃப்/2இலேயே நிற்கும். பழுதென்று நினைத்து நல்ல லென்ஸைப் பிரித்துவிடுகிறார்கள். பிளேடுகளும் 8இலிருந்து 6 ஆகிவிட்டன. எஃப்/4இல் பின்னணி விளக்குகள் அறுகோணமாகத் தெரியும்.

பிந்தைய பதிப்புகளுக்கும் பலம் உண்டு. முன்வளையத்தில் 'எம்சி' என்றிருந்தால் பல அடுக்குக் கோட்டிங். எதிர்வெயிலில் கான்ட்ராஸ்ட் நிற்கும். 44-2இல் படம் வெளுத்துப்போகும், 49 மிமீ ஹூட் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த லென்ஸுக்கே உரிய, மங்கலான பின்னணி வட்டமாகச் சுழல்வது போன்ற தோற்றம் வேண்டுமென்றால் எஃப்/2இல், ஆளை ஒன்றரை மீட்டருக்குள் நிறுத்தி, சில மீட்டர் பின்னால் இலைகளுக்கிடையே வெளிச்சம் கசியும் மரம் இருக்குமாறு பாருங்கள். சுழல் ஓரங்களில்தான் விழுகிறது. சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரத்தை வெட்டிவிடும் என்பதால் பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சார்தான் இதற்கு ஏற்றது.

வாங்குமுன் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல் கிளைத்திருந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். பிளேடில் எண்ணெய்ப் பளபளப்பு 44-2இல் பெரிய குறையல்ல, கையால்தானே திருப்புகிறோம். 44எம் வகைகளில் அதே எண்ணெய் பிளேடுகளை ஒட்டிக்கொள்ளச் செய்யும். ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. ஃபோக்கஸ் வளையம் இறுகியிருந்தால் பெரும்பாலும் கிரீஸ் காய்ந்திருக்கும், மாற்றிவிடலாம். தொலைதூரம் ஃபோக்கஸ் ஆகவில்லையென்றால் யாரோ பிரித்து, ஃபோக்கஸ் திருகுமரையைத் தவறான தொடக்கத்தில் ஏற்றியிருக்கலாம். ஆனால் முதலில் அடாப்டரைப் பாருங்கள்: மவுண்டிலிருந்து சென்சார் வரை எம்42க்கு வேண்டிய தூரம் 45.46 மிமீ, நிக்கான் எஃப் மவுண்டோ 46.5 மிமீ. உள்ளே லென்ஸ் கண்ணாடி இல்லாத அடாப்டரில் அங்கே முடிவிலி (தொலைதூர) ஃபோக்கஸ் வரவே வராது.