குரோம்புக்கா, பின் அறை சேர்வரா? அத்தான்ட ரியூட்டரிக் கணக்கு

அத்தான்ட ரியூட்டரி (டியூசன் வகுப்பு) திருகோணமலை உவர்மலையில. அங்க இருக்கிற எட்டு கொம்பியூட்டரும் கிழடு, விண்டோஸ் 10க்கான சப்போர்ட்டும் 2025 ஒக்டோபர் 14ஓட நிண்டுபோச்சு, அதால மலிவான குரோம்புக் (பெரும்பாலான வேலையை இன்டர்நெட்டில செய்யிற, கூகுள் மென்பொருளில ஓடுற லப்டொப்) வாங்கி எல்லாத்தையும் கிளவுட்ல, அதாவது இன்டர்நெட் வழியா வேற கொம்பனிட சேர்வரில, ஏத்துறதா, இல்ல பின் அறை சேர்வரை (எல்லா மெசினுக்கும் பொதுவா ஃபைல் வச்சிருக்கிற கொம்பியூட்டர்) மாத்திப் புதுசா ஒண்டு போடுறதா எண்டு ரெண்டு கிழமையா எங்கட வீட்டில இதே கதைதான், சோத்துக்கோப்பையோட இருக்கேக்கையும் இதே கதை.

நான் சொன்னன், அத்தான் உங்கட பின் அறையே ஒரு குட்டி டேட்டா சென்டர்தான். சேர்வர், மெசினுகளை வயரால இணைக்கிற சுவிட்ச், கரண்ட் போனாக் கொஞ்ச நேரம் தாங்கிற யூபிஎஸ், ராவும் பகலும் ஓடுற ஏசி எல்லாம் இருக்கு. வகுப்பு நடக்கிறது பின்னேரம் நாலு மணித்தியாலம், மிச்ச நேரம் மெசின் சும்மா நிக்குது, ஆனா சும்மா நிண்டாலும் கரண்ட் குடிக்கும். கூகுள் எஞ்சினியர்மார் பரோசோவும் ஹோல்சிலும் 2007இலேயே எழுதிட்டினம், சேர்வர் ஒண்டு வேலையில்லாம நிக்கேக்கையும் உச்சத்தில இழுக்கிற கரண்டில பாதியளவு இழுக்குது எண்டு. இதோட கடற்கரைப் பக்கத்து உப்புக்காத்து வேற, மதர்போர்ட் துருப்பிடிச்சு செத்ததைக் கழட்டிப் பாத்தவனுக்குத்தான் அந்த வயித்தெரிச்சல் தெரியும்.

கிளவுட்ல என்ன நடக்குதெண்டா ஒரே சேர்வருக்குள்ள பல பேரிட வேலையை அடுக்கிறாங்கள், உங்கட மெசின் தூங்கிற நேரத்தில அங்க வேற ஆரோ ஒருத்தன்ட வேலை ஓடும். கூலிங்குக்குப் போற கரண்டும் குறைவு. மெசினுக்கு 1 யூனிட் போனா கட்டடத்துக்கு மொத்தமா 1.1 யூனிட் அளவுதான் எண்டு கூகுள் தன்ட டேட்டா சென்டருகளுக்குக் கணக்குக் காட்டுது, எங்கட பின் அறை ஏசி கிட்டவும் வராது.

மலிவு லப்டொப்பும் கிளவுட்டும் ஒண்டுக்கொண்டு முதுகு சொறிஞ்சு வளந்ததுகள். அமேசன்ட கிளவுட் ஸ்டோரேஜ் எஸ்3 தொடங்கினது 2006, ஏசுஸ்ட மலிவுக் குட்டி லப்டொப் ஈ பிசி வந்தது 2007, 7 இஞ்சித் திரை, 4 ஜிபி ஸ்டோரேஜ். 4 ஜிபிக்குள்ள எதை வைக்கிறது? வேலை வெளியதான் போகோணும். 2011இல வந்த குரோம்புக் அந்த வழியிலதான் முழுசாப் போனது. கையில இருக்கிற மெசின் இளைக்க இளைக்க எங்கயோ இருக்கிற டேட்டா சென்டர் கொழுக்குது, அவ்வளவுதான். ஆனா கரண்ட் அதே அளவுக்கு ஏறேல்ல. 2010 தொடக்கம் 2018 வரைக்கும் உலகத்து டேட்டா சென்டர்கள் செய்த வேலை 550 வீதம் கூடியும் கரண்ட் கூடினது 6 வீதம்தான் எண்டு 2020இல ஒரு ஆய்வு வந்தது. இப்ப ஏஐ வந்து அந்தச் சந்தோசத்தையும் குழப்பிட்டுது, 2024இல உலகக் கரண்டில 1.5 வீதம் அளவு டேட்டா சென்டருக்கே போனதாம்.

சரி, திருமலைக்கு வருவம். இங்க பிரச்சினை நடுவில இருக்கிற வயர், கரண்டும் இன்டர்நெட்டும். 2022இல நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினது மறக்கேலாது, 2025 பெப்ரவரியில பாணந்துறையில ஒரு குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டது (அந்தக் குரங்குக்கு ஒரு சிலை வைக்கலாம்). கரண்ட் போனா குரோம்புக் பற்றரியில நிக்கும், ரவுட்டர் செத்திடும், போன் ஹொட்ஸ்பொட்டில ஓட்டலாம், டவர் பற்றரியும் முடிஞ்சா பிறகு அதுவும் இல்லை. சேர்வரிலயும் யூபிஎஸ் கால் மணித்தியாலம்தான், அதால இதில ஆரும் வெண்டதாச் சொல்லேலாது.

காசில மட்டும் சேர்வர் நேர்மையானது, கரண்ட் பில்லை விட்டா ஒருக்கா கட்டினா முடிஞ்சுது. கிளவுட் மாசா மாசம் டொலரில. 2022 தொடக்கத்தில 200 ரூபா அளவில நிண்ட டொலர் மே மாசம் 360ஐத் தொட்டது, அந்த நேரம் டொலர் பில்லோட இருந்தவையைக் கேட்டுப்பாருங்கோ. கூகுளில 15 ஜிபி இலவசம்தான், ஆனா ஈமெயிலும் போட்டோவும் அதுக்குள்ளதான் இருக்கோணும்.

மத்திய வீதியில ஸ்டூடியோ வச்சிருக்கிற கூட்டாளியும் இதையே கேட்டான், அவனுக்கு மறுபேச்சில்லாம சேர்வர் எண்டன். ஒரு கலியாண வீட்டு வீடியோ 100 ஜிபி, அப்லோட் 10 எம்பிபிஎஸ் எண்டா 22 மணித்தியாலம், பொம்பிளை மாப்பிளை மறுவீடு போய் வந்திடுவினம்.

ரியூட்டரியில இருக்கிறது மாக்ஸ் லிஸ்ட், பாஸ்பேப்பர், வரவுப் பதிவு. எல்லாம் சின்ன ஃபைல். அதுக்கு குரோம்புக் காணும், ஆனா 2021 தொடக்கம் வந்த மொடலாப் பாத்து வாங்கோணும், அதுகளுக்குத்தான் 10 வருச அப்டேட் தானாவே வரும், பழசை மலிவெண்டு தலையில கட்டிவிடுவாங்கள். கிழமைக்கு ஒருக்கா ஒரு ஹார்ட் டிஸ்கில கொப்பி எடுத்தாச் சரி.

அத்தான் ஆறு குரோம்புக் ஓடர் பண்ணிட்டார். சேர்வரை நிப்பாட்டுங்கோ எண்டா, "கிடந்து ஓடட்டும்டா, ஒரு தைரியத்துக்கு" எண்டுறார். ஏசியும் ஓடுது.